எலும்புக்கும் ஜவ்வுக்கும் பழைய மருந்துகள்: கேள்விப்பட்டதைச் சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா, ஒரு மழைக்கால மாலையில் என் மருந்துக் கடைக்கு வந்து, கைப்பேசியை மேசைமேல் வைத்து அதிலிருந்த குரல் பதிவைக் கேட்கச் சொன்னார். சர்க்கரை நோய்க்குத் தரப்படும் மெட்ஃபார்மின் மாத்திரை மூட்டு ஜவ்வை மீண்டும் வளர்ப்பதாக வெளிநாட்டில் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், இனி முட்டி அறுவை சிகிச்சைக்கே வேலையில்லை என்றும் அந்தப் பதிவு சொன்னது. கேட்டு முடித்ததும் அவர் தம் பையிலிருந்து பாதி தீர்ந்த மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "தம்பி, இதைத்தானே எட்டு வருஷமா போட்டுனு இருக்கேன், அப்புறம் எப்படி முட்டி தேஞ்சுது? ரெண்டு ரெண்டா போட்டா வளருமா?"

அவருடைய கேள்வியின் முதல் பாதியில் நல்ல அறிவியல் இருந்தது. இரண்டாம் பாதியில் ஆபத்து இருந்தது. ஒரு நோய்க்காகப் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்திப் பார்ப்பதை மருந்து மறுபயன்பாடு என்கிறார்கள். இது மதிப்பு மிக்க முயற்சி. அந்த மருந்தின் பக்க விளைவுகள் ஏற்கெனவே தெரிந்தவை, உற்பத்தி நடந்துகொண்டிருக்கிறது, காப்புரிமை முடிந்திருந்தால் விலையும் குறைவு. ஆனால் பழைய மருந்து என்பதால் நமக்குத் தெரிந்திருப்பது அதன் பழைய வேலையைப் பற்றி மட்டுமே. புதிய வேலையை அது செய்யுமா என்பதற்குத் தனியாகச் சான்று வேண்டும். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் மூட்டு வலியோடும் முறிந்த எலும்போடும் வருகிறவர்கள் அந்தச் சான்றைத் தாமே ஓரளவு எடைபோட்டுப் பார்த்து, பிறகு மருத்துவரிடம் சரியான கேள்வியோடு செல்ல வேண்டும் என்பதற்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதல் படி: பழுதானது எது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்

நம் பேச்சில் "ஜவ்வு" என்ற ஒரே சொல் குறைந்தது நான்கு வெவ்வேறு உறுப்புகளைக் குறிக்கிறது. எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பை ஜவ்வு என்கிறோம். முழங்காலின் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிறை வடிவில் இருக்கும் மெனிஸ்கஸையும், எலும்போடு எலும்பைப் பிணைக்கும் தசைநாரையும், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். கால்பந்து ஆடும்போது ஜவ்வு கிழிந்த வியாசர்பாடி இளைஞருக்கும், ஜவ்வு தேய்ந்த அறுபது வயதுப் பாட்டிக்கும், ஜவ்வு விலகிய ஆட்டோ ஓட்டுநருக்கும் நோய் வேறு, மருத்துவமும் வேறு. "ஜவ்வு வளர மருந்து" என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு என்று கேட்காமல் அடுத்த வரியைப் படிக்காதீர்கள்.

"எலும்புத் தேய்மானம்" என்ற சொல்லாட்சியிலும் இதே குழப்பம் உண்டு. எலும்பு உள்ளுக்குள் அடர்த்தி இழந்து பலவீனமாகும் ஆஸ்டியோபோரோசிஸுக்கும், மூட்டில் குருத்தெலும்பு தேயும் ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸுக்கும் மக்கள் இந்த ஒரே பெயரைத்தான் சொல்கிறார்கள். முதல் நோய்க்கு எலும்பு முறியும் வரை பெரும்பாலும் வலியே இருக்காது. இரண்டாவது நோய்க்கு வலிதான் முகவரி. ஆகவே உங்கள் ஓ.பி. சீட்டிலோ எக்ஸ்ரே அறிக்கையிலோ மருத்துவர் எழுதியிருக்கும் நோயின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முழங்கால் தேய்மானமாக இருந்தால், 1957 முதல் வழக்கத்தில் உள்ள கெல்கிரன்-லாரன்ஸ் அளவுகோலின்படி 0 முதல் 4 வரை ஒரு நிலை எண் தரப்பட்டிருக்கலாம். அதையும் சேர்த்து எழுதுங்கள்.

இரண்டாம் படி: எலும்பு கூடும், குருத்தெலும்பு எளிதில் கூடாது என்பதை மனத்தில் வையுங்கள்

எலும்புக்குள் ரத்த ஓட்டம் உண்டு. முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது, அதன்மேல் மென்மையான இணைப்புத் திசு வளர்கிறது, அது சுண்ணம் ஏறிக் கெட்டிப்படுகிறது, பிறகு பழைய வடிவத்துக்கு மாதக் கணக்கில் செதுக்கப்படுகிறது. சரியாகப் பொருத்தி அசையாமல் வைத்தாலே பெரும்பாலான முறிவுகள் தாமே கூடிவிடும். இதனால்தான் மாவுக்கட்டோடு சேர்த்துக் கொடுத்த எந்த மாத்திரைக்கும் எண்ணெய்க்கும் எலும்பைக் கூட வைத்த பெயர் கிடைத்துவிடுகிறது.

குருத்தெலும்பில் ரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதன் எடையில் பெரும்பகுதி தண்ணீர். மிச்சத்தில் கொலாஜன் இழைகளும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் புரதச் சர்க்கரைகளும் இருக்க, அவற்றைப் பராமரிக்கும் செல்கள் மிகச் சொற்பம். அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதை வில்லியம் ஹன்டர் என்ற மருத்துவர் 1743-லேயே லண்டனில் பதிவு செய்தார். முழங்கால் தேய்மானத்தில் குருத்தெலும்பின் அழிவைத் தடுக்கும் அல்லது மீட்கும் மருந்து என்று அமெரிக்க, ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்புகள் நான் இதை எழுதும் வரை எந்த மருந்துக்கும் ஒப்புதல் அளிக்கவில்லை. இந்த ஒரு தகவல் கையில் இருந்தால், உங்களுக்கு வரும் செய்திகளில் பெரும்பாலானவற்றைப் பாதியிலேயே மூடிவைத்துவிடலாம்.

எலும்பைப் பொறுத்தவரை நிலைமை இதைவிட நம்பிக்கையானது. மறுபயன்பாடு உண்மையில் வென்ற கதைகள் அங்கே இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் உட்புறத்தில் வெள்ளையாகச் சுண்ணப் படிவு ஏறுவதை நம் வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட படிவு தொழிற்சாலைக் குழாய்களில் ஏறாமல் தடுக்கப் பயன்பட்ட வேதிப்பொருள் குடும்பம் பிஸ்ஃபாஸ்ஃபோனேட். சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் ஃப்ளைஷ் குழுவினர் 1960-களில் செய்த ஆராய்ச்சியின் வழியாக அது எலும்பு மருந்தாயிற்று. எலும்பின் சுண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, எலும்பைக் கரைக்கும் செல்களை அது அடக்குகிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சோலெட்ரோனிக் அமிலம் முதலில் புற்றுநோயாளிகளுக்கு ரத்தத்தில் கால்சியம் எகிறுவதைக் கட்டுப்படுத்தப் பயன்பட்டது. பின்னர் ஆண்டுக்கு ஒரு முறை 5 மி.கி. சொட்டு மருந்தாக ஆஸ்டியோபோரோசிஸுக்கு வந்தது. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,127 பேரிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்வில், இம்மருந்து புதிய முறிவுகளை 35 சதவீதமும் இறப்பை 28 சதவீதமும் குறைத்தது. மார்பகப் புற்றுநோயை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்ட ரலாக்சிஃபீன் 1997-ல் ஆஸ்டியோபோரோசிஸுக்கு ஒப்புதல் பெற்றதும் இதே வகைப் பயணம்தான்.

வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பெரியவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்ததும் வீட்டார் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். அடுத்த முறிவைத் தடுக்கும் மருந்து எப்போது தொடங்கும் என்று கேட்பவர்களை என் கடையில் மிக அரிதாகவே பார்க்கிறேன். இல்லாத ஜவ்வு மருந்தைத் தேடி அலையும் ஊரில், இருக்கும் எலும்பு மருந்து கேட்பாரற்றுக் கிடப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மூன்றாம் படி: ஆய்வில் எதை அளந்தார்கள் என்று கேளுங்கள்

முழு வழிகாட்டியிலும் இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். மூட்டு மருந்தை மூன்று விதமாக அளக்கலாம். வலி எவ்வளவு குறைந்தது என்று நோயாளியைக் கேட்கலாம். எக்ஸ்ரேயிலோ எம்.ஆர்.ஐ.யிலோ குருத்தெலும்பின் அளவைப் பார்க்கலாம். எத்தனை பேர் கடைசியில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குப் போனார்கள் என்று எண்ணலாம். ஒன்றில் கிடைத்த வெற்றியை இன்னொன்றின் வெற்றியாகச் சொல்வதில்தான் பெரும்பாலான பொய்ச் செய்திகள் பிறக்கின்றன.

மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், உடல் எடை அதிகமுள்ள, முழங்கால் தேய்மான வலியால் அவதிப்பட்ட 107 பேருக்கு 6 மாதங்கள் நாளொன்றுக்கு 2,000 மி.கி. வரை மெட்ஃபார்மினோ போலி மாத்திரையோ கொடுத்துப் பார்த்த ஆய்வு 2025-ல் வெளியானது. 100 புள்ளி அளவுகோலில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்கு வலி சராசரியாக 31.3 புள்ளிகள் குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 18.9 புள்ளிகள் குறைந்தது. முடிவு வரவேற்கத்தக்கதுதான். ஆனால் அங்கே கேட்கப்பட்டது வலி. ஜவ்வு வளர்ந்ததாக அந்த ஆய்வு சொல்லவில்லை. இரண்டாவது எண்ணைத் திரும்பப் படியுங்கள். மருந்தே இல்லாத மாத்திரையும் 18.9 புள்ளி வலியைக் குறைத்திருக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் புதிய வைத்தியத்தைத் தேடிப் போகிறோம், சில வாரங்களில் அது தானாகவும் தணிகிறது, கவனிப்பும் நம்பிக்கையும் அதற்குத் துணை செய்கின்றன. பக்கத்து வீட்டு அக்கா "எனக்குக் கேட்டுச்சு" என்று சொல்வது உண்மையாகவே இருந்தாலும், அது மருந்தின் வேலைதான் என்பதற்கு அந்த அனுபவம் மட்டும் போதாது.

இதற்கு நேர் எதிரான முடிவு டாக்சிசைக்ளின் என்ற பழைய நுண்ணுயிர்க்கொல்லிக்குக் கிடைத்தது. உடல் பருமனான 431 பெண்களிடம் 30 மாதங்கள் நடந்து 2005-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், மூட்டு இடைவெளி சுருங்குவது போலி மாத்திரைக் குழுவில் 0.45 மி.மீ. என்றும், டாக்சிசைக்ளின் குழுவில் 0.30 மி.மீ. என்றும் இருந்தது. படத்தில் வித்தியாசம் தெரிந்தது. வலியில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவான லாபத்துக்காக நுண்ணுயிர்க்கொல்லியை ஆண்டுக்கணக்கில் விழுங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

ஸ்டீராய்டு ஊசியின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். முழங்காலில் 3 மாதத்துக்கு ஒரு முறை ட்ரையாம்சினலோன் ஊசியை 2 ஆண்டுகள் போட்டு, உப்பு நீர் ஊசியோடு ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வில் 140 பேர் பங்கேற்றனர். ஸ்டீராய்டு பெற்றவர்களுக்குக் குருத்தெலும்பு கூடுதலாகக் குறைந்தது. வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எப்போதாவது ஒரு முறை வலி தாங்காமல் போடும் ஊசிக்கும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வழக்கமாகப் போடும் ஊசிக்கும் உள்ள தூரத்தை மருத்துவரிடம் பேசித் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

மூன்றாவது அளவீட்டுக்கு எடுத்துக்காட்டு, யூரிக் அமிலம் சேர்ந்து வரும் மூட்டு வீக்கத்துக்கான பழைய மருந்தான கோல்சிசின். இதய நோயாளிகள் 5,522 பேருக்கு நாளொன்றுக்கு 0.5 மி.கி. கொடுத்து நடந்த பெரிய ஆய்வின் தரவுகளைப் பின்னர் அலசியபோது, கோல்சிசின் எடுத்தவர்களில் 2.5 சதவீதத்தினரும் போலி மாத்திரை எடுத்தவர்களில் 3.5 சதவீதத்தினரும் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டு மாற்று செய்துகொண்டது 2023-ல் தெரியவந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஆய்வு இதயத்துக்காகத் திட்டமிடப்பட்டது. மூட்டைப் பற்றிய கணக்கு பிற்பாடு எடுத்துப் பார்த்தது. கைவிரல் மூட்டுத் தேய்மானத்துக்கென்றே தனியாக நடத்திப் பார்த்தபோது கோல்சிசின் வலியைக் குறைக்கவில்லை. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுயினும் 248 பேரிடம் நடந்த கைவிரல் மூட்டு ஆய்வில் பயன் தரவில்லை என்று 2018-ல் வெளியானது.

நான்காம் படி: எலியிடமா, மனிதரிடமா என்று பாருங்கள்

கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் வரலாறு இதற்கு நல்ல பாடம். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் பி.எம்.பி.-2 என்ற புரதத்தை எது அதிகரிக்கும் என்று 30,000-க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சலித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், லோவாஸ்டாட்டின் அந்த வேலையைச் செய்வதையும், எலிகளில் ஸ்டாட்டின்கள் எலும்பை வளர்ப்பதையும் 1999-ல் அறிவித்தனர். பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. ஆனால் வாய்வழி எடுக்கும் ஸ்டாட்டினில் பெரும்பகுதியைக் கல்லீரல் பிடித்துக்கொள்கிறது. எலும்புக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். ரோசுவாஸ்டாட்டினை 17,802 பேரிடம் சோதித்த ஆய்வில் எலும்பு முறிவுகளை எண்ணிப் பார்த்தபோது, மருந்துக் குழுவில் 221, போலி மாத்திரைக் குழுவில் 210 என்று இருந்தது. இதயத்துக்காக ஸ்டாட்டின் எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. எலும்புக்காக அதைப் புதிதாகத் தொடங்கக் காரணம் இல்லை என்பதே இதன் பொருள்.

மனிதர்களிடம் நடந்த ஆய்விலும் எந்த மனிதர்கள் என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாக்ளூடைடு ஊசி பற்றி 2024-ல் வெளியான ஆய்வில் பங்கேற்ற 407 பேரும் உடல் பருமனோடு முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள். 68 வாரங்களில் மருந்துக் குழுவினரின் எடை 13.7 சதவீதம் குறைந்தது, வலியும் நன்றாகக் குறைந்தது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் விழும் சுமை ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்ற கணக்கை நினைத்தால் இதில் வியப்பில்லை. ஆனால் எங்கள் காசிமேட்டு அம்மா ஒல்லியானவர். தலையில் மீன் கூடை சுமந்து முப்பது ஆண்டுகள் நடந்த முட்டி அது. பருமனானவர்களிடம் கிடைத்த முடிவை அவர்மேல் அப்படியே ஏற்ற முடியாது.

ஐந்தாம் படி: முறிந்த எலும்பு தாமதமாகிறது என்றால்

எலும்பு முறிந்து பல வாரங்கள் ஆகியும் கூடவில்லை என்பவர்கள் டெரிபாரடைடு என்ற ஊசியைப் பற்றிக் கேள்விப்படுவார்கள். பாராதைராய்டு ஹார்மோனின் ஒரு பகுதியான இது, 2002 முதல் அமெரிக்காவில் ஆஸ்டியோபோரோசிஸ் மருந்தாக உள்ளது. அந்த ஹார்மோன் உடலில் இடைவிடாமல் அதிகமாக இருந்தால் எலும்பைக் கரைக்கும். நாளுக்கு ஒரு முறை சிறிதளவு ஊசியாகப் போட்டால் எலும்பைக் கட்டும். மணிக்கட்டு முறிந்த 102 பெண்களிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வில், எலும்பு கூட ஆன நாட்கள் போலி ஊசிக்கு 9.1 வாரம், 20 மைக்ரோகிராமுக்கு 7.4 வாரம், இரட்டை அளவான 40 மைக்ரோகிராமுக்கு 8.8 வாரம். ஆய்வாளர்கள் முதன்மையாகச் சோதிக்க நினைத்தது 40-ஐ; அது தேறவில்லை. அளவை இரட்டிப்பாக்கினால் பயனும் இரட்டிப்பாகும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண்களைக் காட்டுங்கள். முறிவைக் கூட வைக்கும் மருந்தாக இதற்கு அமெரிக்காவில் ஒப்புதல் இல்லை. ஒரு மருத்துவர் தம் பொறுப்பில் எழுதித் தந்தால், 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும், உறையவிடக் கூடாது, சிகிச்சை முடிந்ததும் அடுத்த எலும்பு மருந்துக்கு மாற வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பாக பீடி, சிகரெட்டை நிறுத்துங்கள். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதில் ஐயமில்லை.

ஆறாம் படி: உங்கள் சிறுநீரகத்தையும் மற்ற மாத்திரைகளையும் கணக்கில் சேருங்கள்

மெத்தோட்ரெக்சேட் முடக்கு வாதத்துக்கான பழைய மருந்து. பிரிட்டனில் முழங்கால் தேய்மானமுள்ள 155 பேரிடம் சோதித்து 2024-ல் வெளியான ஆய்வில், 6 மாத முடிவில் 10 புள்ளி அளவுகோலில் வலி 0.79 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. இந்தச் சிறு பயனுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டிய ஒரு நிகழ்வு என் உறவிலேயே நடந்தது. என் அண்ணியின் தாயாருக்கு முடக்கு வாதத்துக்காக வாரம் ஒரு நாள் எடுக்கும்படி மெத்தோட்ரெக்சேட் எழுதித் தரப்பட்டது. மாத்திரைக் காகித உறையின் மேல் "இரவு 1" என்று மட்டும் இருந்தது. அவர் ஒன்பது நாள் தொடர்ந்து எடுத்துவிட்டார். வாயெல்லாம் புண்ணாகி, கஞ்சிகூட இறங்காமல், ரத்த அணுக்கள் சரிந்த நிலையில் அனுமதிக்கப்பட்டு, இரண்டு வாரம் கழித்துப் பிழைத்து வந்தார். அன்று முதல் என் கடையில் அந்த மருந்தைக் கொடுக்கும்போது கிழமையின் பெயரைச் சிவப்பு மையால் எழுதி, நோயாளியின் வாயாலேயே அந்தக் கிழமையைச் சொல்லவைத்துத்தான் அனுப்புகிறேன். நீங்களும் எந்தக் கடையிலும் அப்படிக் கேட்டு வாங்குங்கள்.

கோல்சிசினின் மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி குறைவு. சளிக் காய்ச்சலுக்குத் தரப்படும் கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். மெட்ஃபார்மினுக்கும் சோலெட்ரோனிக் அமிலத்துக்கும் சிறுநீரகச் செயல்பாட்டைப் பார்த்த பிறகே அனுமதி. சோலெட்ரோனிக் அமிலத்துக்கு முன்னால் கால்சியமும் வைட்டமின் டி-யும் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், பல் பிடுங்கும் வேலை இருந்தால் முதலிலேயே முடித்துவிட வேண்டும். முதல் முறை ஏற்றியபின் மூன்று நாட்களுக்குள் காய்ச்சலும் உடல் வலியும் வந்து போவது வழக்கம். பிஸ்ஃபாஸ்ஃபோனேட் குடும்பத்தைச் சேர்ந்த, வாரம் ஒரு முறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். காலைக் காபியோடு போட்டால் மருந்து உடலில் சேராது. உடனே படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். ஆஸ்டியோபோரோசிஸுக்காக 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியை மருத்துவரைக் கேட்காமல் தவறவிட்டால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கும் அபாயம் உண்டு.

ஏழாம் படி: மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டியவை

ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். நோயின் பெயர், நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையின் கடைசி அளவு, எக்ஸ்ரே ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். குரல் பதிவைப் போட்டுக் காட்டாதீர்கள், மருந்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்து, "இது வலிக்கா, எலும்புக்கா, ஜவ்வுக்கா? என் சிறுநீரகத்துக்கு ஆகுமா? எத்தனை மாதத்தில் பயன் தெரியவில்லை என்றால் நிறுத்தலாம்?" என்று கேளுங்கள்.

ஆய்வில் சேரும்படி யாராவது அழைத்தால் மறுக்க வேண்டியதில்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, ஒப்புதல் பெற்ற பழைய மருந்தைப் புதிய நோய்க்கென விற்க முன்வந்தால் அதுவும் புதிய மருந்தாகவே கருதப்படும். ஆகவே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்குரிய பதிவு எண்ணைக் கேளுங்கள், சி.டி.ஆர்.ஐ. என்று தொடங்கும் அந்த எண்ணை வீட்டுப் பிள்ளைகள் இணையத்தில் சரிபார்த்துத் தருவார்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும், ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. பணம் கட்டிச் சேரும் ஆய்வு என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த அம்மா இரண்டு வாரம் கழித்து வந்தார். மருத்துவர் மெட்ஃபார்மின் அளவைக் கூட்டவில்லை. கிரியேட்டினின் பார்த்ததில் சிறுநீரகம் சற்றே தளர்ந்திருந்ததால் பழைய அளவிலேயே தொடரச் சொல்லியிருந்தார். தொடைத் தசையை வலுவாக்க நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கும் பயிற்சியை இயன்முறை மருத்துவர் சொல்லிக் கொடுத்திருந்தார். கூடையைத் தலையில் சுமப்பதை விட்டுவிட்டு மகனின் தள்ளுவண்டியில் வைத்து விற்கத் தொடங்கியிருந்தார். கால் ஒன்றுக்குப் பத்து முறை, ஒவ்வொரு முறையும் பத்து எண்ணும் வரை நீட்டிப் பிடிக்க வேண்டும் என்று, கடையின் முன்னால் போட்டிருந்த முக்காலியில் உட்கார்ந்து எனக்குச் செய்தும் காட்டினார்.